பி பொசிட்டிவ்

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மாத்தளையில் தங்கிப் படித்து, இங்கிலீஷ் டீச்சர் ஆனவள் நான். ஈ.பி.எப். காகிதமோ, பொலிஸில் கொடுத்த துண்டோ, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவளின் ஒப்பந்தமோ, எது வந்தாலும் "ஷிரானி டீச்சர்ட்ட காட்டுங்க" என்பார்கள். நானும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்துச் சொல்வேன். வாசிக்கத் தெரியாதவர்களைக் கொஞ்சம் நக்கலடிக்கவும் செய்வேன். எனக்கு வாய் நீளம். அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

என் தம்பி ஜெஸ்டினைக் கொன்றது அந்தப் படிப்புத்தான். டாக்டர்மார் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு மாதா கோயில் திருநாளையொட்டி இரத்ததான முகாம் வைத்தார்கள். ஜெஸ்டினுக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரத்தோட்டை டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் ஆளாகப் போய்ப் படுத்து இரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த பணிஸையும் மைலோவையும் சாப்பிட்டுவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சை இரண்டு நாளைக்குக் கழற்றாமல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதை என்னிடம் கொண்டுவந்தான். நான் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகளில் நாற்பது பேர் ஒரே பிழையை விட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. கடிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். அச்சடித்த படிவம். இடைவெளிகளைப் பேனையால் நிரப்பியிருந்தார்கள், டாக்டர் கையெழுத்து. ஒரு வரியில் நாலைந்து எழுத்துகள், பக்கத்தில் 'பொசிட்டிவ்'. அந்த எழுத்துகளில் 'பி' மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மற்றவற்றை ஏதோ பைல் இலக்கம் என்று விட்டுவிட்டேன். கீழே, இரண்டு வாரத்துக்குள் இரத்த வங்கிக்கு வரும்படி எழுதியிருந்தது.

"ஒன் இரத்தம் பி பொசிட்டிவாம்டா. நல்ல இரத்தம் போல. திரும்பவும் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"இப்பதானேக்கா குடுத்தேன்? அதுக்குள்ளயா?"

"கேக்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஒடம்புல ஊறுனதும் போ."

அவன் போகவில்லை. பிறகு ஒரு தடவை இரத்த வங்கியிலிருந்து அவனுக்குப் போன்கூட எடுத்தார்கள். "ஹயர் இல்லாத நாளாப் பார்த்து வாறேன் மிஸ்" என்று ஆட்டோ சவாரியைச் சாக்குக் காட்டிச் சிங்களத்தில் சொல்லிவிட்டதாக என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். என் இரத்தத்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று அவனுக்கு ஒரே சந்தோசம். ஆட்டோவின் பின்பக்கம் ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும் என்று யோசனை கேட்டபோது, 'பி பொசிட்டிவ்' என்று ஒட்டச் சொன்னதும் நான்தான். இரத்த வகைக்கும் ஆயிற்று, மனம் தளராதே என்று ஆங்கிலத்தில் ஒரு புத்திமதியும் ஆயிற்று. ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கும் தலைகால் தெரியாத பெருமை.

இந்த வருடம் தை மாதம் அவனுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்றான். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஆட்டோ நிறுத்தும் இடத்துக்கு எதிரே பாமசி வைத்திருக்கும் பாறூக் நானாவிடம் கேஸ்டிக் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு ஹயர் ஓடினான். நாலாவது தடவை கேட்டபோது அவர் கொடுக்கவில்லை.

"தம்பி, இனி மாத்திர தரமாட்டேன். மொதல்ல ஸ்கேன் ஒன்டு எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்கேனில் ஈரலில் கட்டி தெரிந்தது. கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவள் என்று நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஜெஸ்டினின் மனைவி ஜெனிஸ்டாவும் வந்திருந்தாள். வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவோம் என்றதும் அவள் என்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். டாக்டர்மாருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவாள்.

முதலில் வந்த தாதி அவனுடைய நோயாளி டிக்கட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே, "இவர் பி பொசிட்டிவ்" என்றேன்.

"இல்லையே, ஓ பொசிட்டிவ்" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. சும்மா விடுவேனா? நானே வாசித்தேன், ஆங்கிலத்தில் வாசித்தேன், ஆட்டோவில்கூட எழுதி ஒட்டியிருக்கிறோம் என்று வாதாடினேன். அவள் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஓ என்றுதான் இருந்தது. ஜெஸ்டின் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பத்து மணிபோல டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். முதலில் கேட்டது, "குடிப்பாரா?" என்றுதான்.

ஒரு சொட்டுக்கூட இல்லை என்றேன். அது உண்மை. எங்கள் அப்பா செபஸ்தியன் சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அம்மாவை வாசலில் போட்டு மிதிப்பார். அதைப் பார்த்து வளர்ந்த ஜெஸ்டின், பதினைந்து வயதில் மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்று, சாகும்வரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டான். கல்யாண வீட்டில் பியர் கிளாஸைக் கையில் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுக்கக்கூட மாட்டான்.

"அப்படின்னா காரணம் கிருமிதான்" என்றார் டாக்டர். "இவருக்கு ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ். பொறந்தப்பவே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். சின்ன வயசுல ஏதாவது ஊசியில, சவரக் கத்தியில வந்திருக்கலாம். இப்பச் சொல்ல முடியாது. இருபது முப்பது வருசம் சத்தமில்லாம ஈரல்ல இருக்கும். வலி இருக்காது, கண் மஞ்சளாகாது. உள்ளுக்குள்ள ஈரல் புண்ணாகித் தழும்பாகி, கடைசியில புற்றுநோய் வந்திரும்."

ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ். அப்போதுதான் அந்தப் பழைய கடிதத்தின் நாலைந்து எழுத்துகளும் கண்முன் வந்து நின்றன. அது பைல் இலக்கம் இல்லை, இந்தக் கிருமிப் பரிசோதனையின் சுருக்கப் பெயர். என் தம்பியின் உயிர் அந்த எழுத்துகளில் இருந்திருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"முந்தியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"தேவைப்பட்டா தினம் ஒரு மாத்திரை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன். எல்லாரையும் காப்பாத்திரலாம்னு சொல்லமாட்டேன். ஆனா நிறையப் பேருக்குக் கட்டி வராமலே தடுக்கலாம். வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிரலாம். இவருக்குப் பெரிய இரத்தக் குழாய் வரைக்கும் போயிருச்சு. வெட்ட முடியாது." பேனையை மூடிவிட்டு, "இவர் எப்பவாவது இரத்தம் குடுத்திருக்காரா? குடுத்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சுச் சொல்லியிருப்பாங்களே" என்றார்.

"இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்த எனக்கு நேரம் இருந்தது. டாக்டர் இன்னும் ஐந்து நிமிடம் நின்றார். மனைவிக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டாயம் இரத்தம் பார்க்க வேண்டும், கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஊசி போட்டிருப்பார்கள், இருந்தாலும் ஊசி விபரம் எழுதிய கிளினிக் கார்டைக் கொண்டுவாருங்கள் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் ஜெனிஸ்டா எழுந்து நின்றாள்.

"என்னா அண்ணி சொன்னாங்க?"

"ஈரல்ல கட்டி. பெருசாயிருச்சாம். வெட்ட ஏலாதாம்."

அவள் அழவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஏன் வந்துச்சாம்?" என்று கேட்டாள்.

"அது சொல்லல்ல" என்றேன்.

முதல் தடவை தெரியாமல் பிழையாக வாசித்தேன். இந்த முறை எல்லாம் தெரிந்துகொண்டு மறைத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வாரமே மாத்தளையில் ஒரு லேப்பில் யாருக்கும் தெரியாமல் என் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். எங்கள் அம்மா திரேசம்மா வயிறு வீங்கித்தான் செத்தாள். அப்பா மிதித்த மிதியில் வந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ரிப்போர்ட் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. சந்தோசப்பட்டேன், சந்தோசப்பட்டதற்காக என்னையே வெறுத்தேன். ஜெனிஸ்டாவிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நாளைக் கடத்தினேன்.

ஜெஸ்டினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? ஈரல் என்றால் குடி என்றுதான் எங்கள் பக்கத்தில் பேச்சு. ஹயர் போன இடத்தில் களவாகக் குடித்திருப்பான் என்று லயத்தில் ஒருவர் விடாமல் பேசினார்கள். ஜெனிஸ்டா தண்ணீர்க் குழாயடியில் அவர்களோடு சண்டைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள் நான் போனபோது அவள் குசினியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க தம்பி குடிச்சிருக்காரு அண்ணி."

"யாரு சொன்னா?"

"அவரே வாயால சொன்னாரு. ரிவர்ஸ்டன் ஹயர் போறப்பல்லாம் வெள்ளக்காரங்களோட சேர்ந்து குடிச்சாராம். பத்து வருசமாக் குடிச்சாராம்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பன் குடிச்சே எங்கம்மாவ அழிச்சான். குடிக்காத ஆளுன்னுதான் அண்ணி இவரக் கட்டுனேன். வேற என்னா இருந்துச்சு இவர்ட்ட? இனி நான் அவரோட ஒரு வார்த்த பேசமாட்டேன். செய்ய வேண்டியதச் செய்வேன். பேச மட்டும் மாட்டேன்."

உள்ளே போனேன். ஜெஸ்டின் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, "ஏன்டா அப்புடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்குச் சிங்களம் தெரியாதாக்கா?" என்றான் மெதுவாக. "இரத்தம் குடுத்திருக்கேனான்னு டாக்டர் கேட்டப்ப நீ இல்லன்ன. நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். அந்தக் கடுதாசி என்னான்னு அப்பவே வெளங்கிருச்சு."

மன்னித்துவிடு என்றுகூட வாயில் வரவில்லை.

"ஏன் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு ஜெனி தொளச்சு எடுக்குறா. ஏதாவது ஒன்னு சொல்லணுமில்ல. நான் போயிருவேன், என்னைய திட்டுனா திட்டிட்டுப் போகட்டும். ஒன் மேல கோவம் வந்துச்சுன்னா புள்ளைங்கள ஒன் வாசப்படி மிதிக்க விடமாட்டா. அதுங்களுக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா? கொழுந்துக் கூடையத் தூக்கவா போகணும்? சனிக்கெழம சனிக்கெழம ஒன்கிட்ட வந்து படிக்குதுங்க. அது நிக்கக் கூடாது."

"ஜெனிக்கு டெஸ்ட் எடுக்கணும்டா."

"வேற ஏதாவது சொல்லிக் கூட்டிட்டுப் போ. ஒனக்கா தெரியாது?"

சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் ஒருக்கா இரத்தம் பார்ப்பது நல்லது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். "குடிகாரன் பொண்டாட்டிக்கு என்னா டெஸ்ட்டு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான் மேலே பேசவில்லை. சொல்லாதே என்று சாகக் கிடக்கிறவனே கேட்டுக்கொண்டது எனக்கு வசதியாகப் போயிற்று. தம்பியின் கடைசி ஆசை என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்.

தவக்காலம் முழுவதும் ஜெனிஸ்டா சொன்னபடியே நடந்தாள். அவனைத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. கஞ்சிக் கோப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் குசினிக்குப் போனால் வாசலைப் பார்ப்பான். நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு, பழங்களை வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிடுவேன்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து குருத்தோலையோடு போனேன். ஜெனிஸ்டா அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். தானாக ஆடிக்கொண்டிருந்த அவன் கை அவள் கையில் பட்டு பிளேட் தாடையில் கீறிவிட்டது. இரத்தம் சட்டென்று நிற்கவில்லை. அவள் வெறும் விரலால் அதைத் துடைத்தாள். கொழுந்து ஒடித்து ஒடித்து வெடித்துப்போன விரல்கள், வெடிப்புகளில் புதுப் புண்ணும் இருந்தது. அந்த வெடிப்புகளுக்குள் அவன் இரத்தம் இறங்குவதைப் பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளிக் குழாயில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரத்ததானக் கடிதம், நான் வாசித்த விதம், டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய், அவன் சொன்ன பொய். கிருமிதான், குடி இல்லை, அவன் ஒருநாளும் குடித்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஜெனிஸ்டா கையை உருவிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. ஈரக் கையோடு உள்ளே ஓடினாள்.

"இந்தாங்க" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாற்பது நாளைக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அது. "குடிக்கலையா நீங்க? என்னையப் பாருங்க. குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஈரல் கெட்டால் கடைசியில் மூளைக்கும் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாளாகவே பேச்சு தடுமாறியது என்று பிறகு தெரிந்தது. பேசாத மனைவிக்கு அது எப்படித் தெரியும்?

"ஹயர் எங்க போகணும் மிஸ்?" என்று கேட்டான்.

"நான் ஜெனி."

"மாத்தளைக்கா மிஸ்? ஏறுங்க."

அவள் அவன் முகத்தைத் தன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காதுக்குள் பேசினாள். அன்று முழுக்கப் பேசினாள், மறுநாளும் பேசினாள். அவன் அவளை மிஸ் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இறந்துபோனான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு ஜெனிஸ்டா தனியாகக் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வாங்கப் போகும் நாளை விசாரித்துத் தெரிந்துகொண்டு நான் ரத்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பஸ்ஸை விட்டு இறங்கியவள் என்னைக் கண்டதும் நின்றாள். கையில் மடித்த தாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். ரோட்டைக் கடந்து பாறூக் நானாவின் பாமசிக்குள் போய்த் தாளை அவரிடம் கொடுத்தாள்.

நான் கடை வாசலில் நின்றேன். அவர் தாளை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"நெகட்டிவ் என்டு இருக்கு" என்றார்.

"நெகட்டிவ்னா கெட்டதா நானா?"

"இல்ல, நல்லது தங்கச்சி. அல்ஹம்துலில்லாஹ். ஒங்களுக்கு ஒன்டுமில்ல. தடுப்பூசி மூனு இருக்கு, அதப் போட்டுக்கங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெனிஸ்டா தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"அண்ணி, கடுதாசிய நீங்க பிழையா வாசிச்சீங்க. யாருக்கும் வாறதுதான். அத நான் மன்னிச்சிட்டேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒங்களுக்குச் சரியாத்தான் வெளங்கியிருக்கு. வெளங்கிட்டு என்கிட்ட சொல்லல்ல. நாப்பது நாளு அவரு என் மொகத்தையே பார்த்துக்கிட்டுக் கெடந்தாரு. நான் ஒரு வார்த்த பேசல்ல. கஞ்சி சூடா இருக்கா, போதுமான்னுகூடக் கேக்கல்ல. நான் பேச வந்தப்ப அவருக்கு என்னையத் தெரியல்ல." குரல் உயரவே இல்லை. "அந்த நாப்பது நாள நான் யார்ட்ட போய்க் கேக்குறது அண்ணி?"

தோட்டத்துப் பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மேசையைத் துடைத்து, இரண்டு கொப்பிகளையும் பென்சில்களையும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.